சைலன்சர் என்ற ஒரு சொல் எனக்கு வைத்த செலவு

எஞ்சினில் தொடங்கி வாகனத்தின் பின்புறம் வரை ஓடும் புகைக்குழாய் முழுவதையும் நாம் ‘சைலன்சர்’ என்ற ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பெயர் போதுமாக இருந்தது. அங்கே அது எஞ்சினில் தொடங்கிப் பின்சில்லுக்கு அருகில் முடிந்துவிடும் ஒரே துண்டு. டர்போ, அதாவது புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, பூட்டிய காருக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது என்பதைக் கனடாவின் ஸ்காபரோவில், ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்துத் தவறான துண்டை வாங்கிப் பூட்டிய பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

2015ஆம் ஆண்டு, 2003 மொடல் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்றைப் பாவித்த காராக வாங்கினேன். உருண்டை விளக்குகளோடு விழித்துப் பார்ப்பதுபோல் நிற்கும் அந்தப் பழைய வடிவம் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டு லீற்றர் கொள்ளளவு, இடப்புறம் இரண்டும் வலப்புறம் இரண்டுமாகப் படுத்த நிலையில் இருக்கும் நான்கு சிலிண்டர்கள், ஒரு டர்போ, நான்கு சில்லுகளுக்கும் போகும் இழுவை. வட அமெரிக்காவில் விற்ற வடிவத்துக்குக் கம்பனி சொன்ன சக்தி 227 குதிரைவலு. 1995இல் கொலின் மக்ரே உலக ரலி பட்டத்தை வென்றது ஓர் இம்ப்ரெஸாவில்தான் என்பதும், நீல நிறக் காரில் பொன்னிறச் சில்லுகளை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறப்பதில்லை என்பதும் என் பணப்பை திறந்ததற்குக் காரணங்கள் என்று ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கி இரண்டு மாதங்களுக்குள் பின்பக்கத்துச் சைலன்சரை, அதாவது இங்கே மஃப்ளர் என்று சொல்லும் துண்டை, அதோடு சேர்ந்த நீண்ட குழாயுடன் மாற்றினேன். துருப்பிடிக்காத உருக்கு, மூன்று அங்குல விட்டம், கைப்பிடி மொத்தத்தில் பளபளக்கும் முனை. பெட்டி வீட்டுக்கு வந்த அன்று அப்பா வாசலில் நின்று, “என்ன தம்பி இவ்வளவு பெரிய பெட்டி?” என்று கேட்டார். மப்ளர் என்றேன். “கழுத்தில கட்டுறதுக்கு இவ்வளவு பெரிய பெட்டியோ?” என்றார். விலையை நான் சொல்லவில்லை. அவரும் அன்று கேட்கவில்லை.

பூட்டியதும் சத்தம் அருமையாக இருந்தது. இந்த எஞ்சினின் ஓசைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: டர்போ ஒரு பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களின் புகை குறுகிய வழியிலும் மறுபக்கத்துப் புகை எஞ்சினின் அடியால் சுற்றி நீண்ட வழியிலும் வந்து சேர்கிறது. குழாய்களின் நீளம் சமமில்லாததால் வெடிப்புகள் சீராக வராமல், இரண்டு நெருங்கியும் இரண்டு விலகியும் விழுகின்றன. சுபாருக்காரர்கள் உயிரை விடும் அந்தக் ‘கடகட’ ஓசையின் இரகசியம் அவ்வளவுதான். 2015 மொடலாக வந்த புதிய டபிள்யூஆர்எக்ஸில் டர்போவை எஞ்சினின் முன்புறம் கீழே வைத்துக் குழாய்களின் நீளத்தையும் ஒழுங்குபடுத்தியபோது அந்த ஓசை போய்விட்டது; பொறியியலின்படி அது முன்னேற்றம், ஆனால் காதுக்கு இழப்பு.

கார் வேகமாகிவிட்டது என்று ஒரு மாதம் நம்பினேன். பிறகு டைனோவில் ஏற்றினேன். டைனோ என்பது காரின் சில்லுகளை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டி, சில்லில் உண்மையில் எவ்வளவு சக்தி வந்து சேர்கிறது என்று அளக்கும் மேடை. கியர்பெட்டியிலும் அச்சுகளிலும் ஒரு பங்கு தொலைந்துவிடுவதால் கம்பனி சொன்ன 227 அங்கே ஒருபோதும் தெரியாது. நல்ல வேளையாக, மாற்றுவதற்கு முன்னரும் அதே மேடையில் ஒருமுறை அளந்திருந்தேன்: அன்று 168, சைலன்சர் மாற்றிய பின் 171. அந்த மூன்றும்கூட அன்றைய காற்றின் வெப்பநிலையால் வந்திருக்கக்கூடும் என்று மேடைக்காரர் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணை, மார்க்கம் வீதிக்கு அருகில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறார். டைனோவின் அளவுத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, நீர் வீட்டின்ர பின்கதவைப் பெருப்பிச்சுப் போட்டீர். சனம் நெரிபடுறது முன் விறாந்தையில எல்லோ?” என்றார். டர்போ காரின் புகைக்குழாயைப் பற்றி நான் அதன்பின் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையாகவே இருந்தது.

இந்தக் காரில் டர்போ எஞ்சினுக்கு மேலே, பின்மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினின் அடியில் சேரும் புகை அதை அடைய மேலே ஏற வேண்டும். அந்தக் குழாய் அப்பைப். டர்போவைச் சுழற்றிவிட்டு வெளியேறும் புகை மறுபடி காரின் அடிக்கு இறங்க வேண்டும். அந்தக் குழாய் டவுன்பைப். அதன்பின் நடுக்குழாய், கடைசியில் சைலன்சர். கம்பனி பூட்டிய நிலையில் புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிற்றிக் கொன்வேட்டர்கள் இந்த வழியில் பல இடங்களில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அப்பைப்பின் உள்ளேயே, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது.

டர்போவின் சுழலியைத் திருப்புவது புகையின் வேகம் மட்டுமன்று. அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்குப் பார்க்கலாம். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு). சுழலிக்குப் பின்னால் உள்ள குழாய் ஒடுக்கமாக இருப்பதால் அங்கே 5 பிஎஸ்ஐ கூடுதலாகத் தேங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அங்கு மொத்தம் 19.7. சுழலி தன் வேலையைச் செய்ய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் வேண்டுமானால் அதன் முன்னால் 39.4 இருக்க வேண்டும். பின்னால் தேங்குவதை 1 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் முன்னால் 31.4 போதும். பின்னால் குறைத்தது நான்கு. முன்னால் குறைந்ததோ எட்டு. அந்த எட்டை எதிர்த்துத்தான் ஒவ்வொரு பிஸ்டனும் தன் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளும் உழைப்பு மிச்சமாவதுடன், சிலிண்டருக்குள் தங்கிவிடும் சூடான பழைய புகையும் குறைகிறது. அதனால் எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கலவை அடங்காமல் தானாக வெடிக்கும், ஆபத்தும் குறைகிறது.

‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும்’ என்று கராஜ்களில் கேட்கும் பேச்சு டர்போ காருக்குப் பொருந்தாது. டர்போ இல்லாத எஞ்சினிலும் அது பாதிதான் சரி: அங்கே வேண்டியது அழுத்தமன்று, ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததை இழுத்துச் செல்வதற்கு ஏற்ற வேகம், அதற்காகக் குழாயை அளவோடு வைத்திருக்கிறார்கள். டர்போவில் அந்த இழுவையைச் சுழலியே குலைத்துவிடுவதால், அதற்குப் பின்னால் வரும் குழாய் எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டேகால் அங்குலக் குழாய்க்குப் பதில் மூன்று அங்குலக் குழாய் பூட்டினால் விட்டம் முக்கால் அங்குலம்தான் கூடுகிறது, ஆனால் புகை போகும் பரப்பு ஒன்றே முக்கால் மடங்காகிறது. அந்தத் தாராளம் டர்போவை ஒட்டிய முதல் மீற்றரில் இருக்க வேண்டும். அங்கே புகை மிகச் சூடாக, விரிந்து, சுழன்றபடி வெளியேறுகிறது; போதாததற்கு டர்போவைச் சுற்றிப் போகும் மிகைப் புகையும் வேஸ்ற்கேற் கதவின் வழியாக அதே இடத்தில் வந்து மோதுகிறது. நான் முதலில் பணம் கொடுத்த இடமோ இதற்கு மூன்று மீற்றர் பின்னால், புகை ஆறி அடங்கிப் போகும் இடம்.

அப்பைப்புக்குள் இருக்கும் கொன்வேட்டரைப் பற்றியும் அண்ணை எச்சரித்தார். பழகப் பழக அதன் உட்பகுதி உடைந்து துண்டுகள் பறக்கக்கூடும். அவை போகும் வழியில் முதலில் இருப்பது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ. இதே காரின் வலுக்கூடிய வடிவமான எஸ்ரிஐயின் 2004 மொடல் அப்பைப்பில் அந்தக் கொன்வேட்டர் கிடையாது. அது இந்தக் காருக்கும் பொருந்தும் என்பதால், விபத்தில் சிதைந்த ஓர் எஸ்ரிஐயிலிருந்து கழற்றியதை வாங்கினேன். பழைய அப்பைப்பில் இருந்த வெப்ப உணரிக்குப் புதியதில் இடமில்லை. உணரி இல்லையென்றால் எஞ்சின் கணினி விளக்கை எரிய வைக்கும். அதை அமைதிப்படுத்த அந்தச் சொக்கற்றில் 2.2 கிலோ ஓம் தடை ஒன்றைச் செருகுவது வழக்கம். சில சதத்துக்குக் கிடைக்கும் ஒரு சிறு துண்டு. சட்டத்தின் கண்ணில் இது சுத்தமான வேலை அன்று என்பது தெரிந்துதான் செய்தேன்.

பூட்டிய சனிக்கிழமையை மறக்க மாட்டேன். ஒன்ராறியோவின் பனிக்கால உப்பு பன்னிரண்டு ஆண்டுகளாகத் தின்ற ஆணிகள் அவை. வெள்ளிக்கிழமை இரவே துரு இளக்கும் எண்ணெயை விசிறிவிட்டுப் படுத்தும், காலையில் ஒரு நட்டு அசையவில்லை. அண்ணை காஸ் சுவாலையை அதன்மேல் பிடித்து, செந்நிறமாகும் வரை காத்திருந்து, பிறகு நெம்பினார். முதல் இரண்டும் கிறீச்சென்று கழன்றன, மூன்றாவது ஆணியோடு முறிந்து கையோடு வந்தது. மிச்சத்தைத் துளைத்தெடுக்க மூன்று மணிநேரம் போயிற்று. ஒக்சிசன் உணரியைக் கழற்றுவதற்கென்றே பக்கவாட்டில் பிளவுபட்ட 22 மில்லிமீற்றர் சொக்கற் உண்டு, வயர் அந்தப் பிளவால் வெளியே வரும். அது இல்லாமல் சாதாரணச் சாவியால் முயன்று முனைகளை உருட்டிவிட்டேன், அதனால் அந்த உணரியும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. பூட்டும்போது ஒவ்வொரு ஆணிக்கும் செப்புப் பசை தடவினார். அடுத்தமுறை கழற்றப்போகிறவன் சபிக்கக்கூடாது என்பது அவருடைய விளக்கம்.

இங்கே ஒரு பெரிய தவறு செய்தேன். பணம் மிச்சம் பிடிக்க எண்ணி, கொன்வேட்டரே இல்லாத, ‘பந்தயத் திடலுக்கு மட்டும்’ என்று எழுதி விற்கும் ஒரு டவுன்பைப்பைப் பாவித்ததாக வாங்கிப் பூட்டியிருந்தேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எரியாத பெற்றோலின் நாற்றம் கார் உள்ளே ஏறி, மனைவியின் சால்வையில் தங்கி, வீட்டுக்குள் வரை வந்தது. அதையும் பொறுத்திருப்பேன். பெப்ரவரியில் நடந்ததுதான் பயமூட்டியது.

வெளியே மறை இருபது பாகை. 401 நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தேன். பூஸ்ற், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், எவ்வளவு என்று காட்டும் முள் வழமையாகப் பதினான்கு பிஎஸ்ஐயில் நிற்கும்; அன்று அது பதினைந்தைத் தாண்டி, பதினாறைத் தாண்டி, மெல்ல, நிற்காமல், பதினேழுக்கு மேல் ஊர்ந்தது. அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து கயிற்றைக் கட்டி இழுத்ததுபோல் கார் முழுவதும் ஒரு குலுக்கலோடு அமர்ந்தது. அளவுக்கு மீறிய பூஸ்ற்றைக் கண்டு கணினி எரிபொருளை அறுத்துவிட்டது; எஞ்சினைக் காப்பாற்றியது அதுதான்.

இதற்குப் பெயர் பூஸ்ற் கிரீப். டர்போவின் வேகத்தை அடக்குவது வேஸ்ற்கேற் என்ற சிறு கதவு: பூஸ்ற் போதுமான அளவுக்கு வந்ததும் அது திறந்து, மிகுதிப் புகையைச் சுழலியைச் சுற்றி அனுப்பிவிடும். கம்பனி அந்தக் கதவை ஒடுக்கமான குழாய்க்கு ஏற்ற அளவில் செய்திருக்கிறது. குழாயைத் தாராளமாக்கியதும் சுழலியின் வழி மிக எளிதாகிவிட, கதவு முழுவதும் திறந்திருந்தும் போதுமான புகை அதன் வழியே விலகுவதில்லை. பாகை இருபதில் இருப்பதைவிட மறை இருபதில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுதல் என்பதால், கோடையில் ஒளிந்திருந்த இந்தக் குறை பனிக்காலத்தில் வெளியே வந்தது.

கதவின் துளையைக் கடைந்து பெரிதாக்குவது ஒரு வழி. நான் அதைச் செய்யாமல், கொன்வேட்டர் உள்ள டவுன்பைப் ஒன்றைப் புதிதாகவே வாங்கினேன். முதலிலேயே அதை வாங்கியிருக்க வேண்டும். கம்பனியின் கொன்வேட்டருக்குள் இருக்கும் பீங்கான் தேன்கூட்டைவிட இதில் உள்ள உலோகத் தேன்கூட்டின் கண்கள் பெரியவை, சதுர அங்குலத்துக்கு இருநூறு. புகை நன்றாகவே போகிறது, ஆனால் வேஸ்ற்கேற்றால் அடக்க முடியாத அளவுக்குப் போவதில்லை. நாற்றம் போயிற்று. பூஸ்ற் முள் பதினைந்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கொன்வேட்டருக்குப் பின்னால் உள்ள ஒக்சிசன் உணரி மட்டும் இன்னமும் எப்போதாவது பி0420 என்ற குறியை எழுப்புகிறது: கொன்வேட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று கணினி சொல்லும் முறைப்பாடு அது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இங்கே பலர் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1999இல் தொடங்கிய ஒன்ராறியோவின் புகைப் பரிசோதனைத் திட்டம் சாதாரணக் கார்களுக்கு 2019 ஏப்ரலோடு நின்றுவிட்டது. பரிசோதனைதான் நின்றது, கொன்வேட்டரைக் கழற்றக்கூடாது என்ற விதி நிற்கவில்லை. சத்தத்துக்கு வேறு சட்டம்: நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒழுங்காக வேலைசெய்யும் மஃப்ளர் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது, உள்ளே குடைந்தெடுத்த மஃப்ளர், நேர்க்குழாய் போன்றவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. அந்தப் பிரிவில் டெசிபெல் எண் எதுவும் இல்லை. ‘அளவுக்கு மீறிய, வழமைக்கு மாறான’ சத்தம் எது என்பதைத் தெருவில் நிற்கும் பொலிஸ்காரரின் காது தீர்மானிக்கும்.

குழாய்களை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. இந்தக் கார் உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெற்றோலைக் கொடுக்கும் என்பதால் சிறிய மாற்றங்களைச் சமாளித்துவிடும். ஆனால் வேஸ்ற்கேற்றை எவ்வளவு நேரம் மூடி வைப்பது, தீப்பொறியை எத்தனை பாகை முன்னால் கொடுப்பது, முழு மிதியில் எவ்வளவு பெற்றோல் என்பவை பழைய குழாய்க்காக எழுதப்பட்ட அட்டவணைகள். அவற்றைப் புதிதாக எழுதுவதையே ரியூனிங் என்கிறோம். எனக்கு அதைச் செய்தவர் 91 ஒக்ரேன் பெற்றோலை ஊற்றச் சொல்லி, ஒரு காதில் நாக் ஒலிபெருக்கியோடு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு சில எண்களை மாற்றி மாற்றி, அரை நாள் உட்கார்ந்தார். மிதியை விட்டதும் வாணவெடிபோல் படபடவென்று வெடிக்கும் ‘பொப்கோர்ன்’ ரியூன் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வெடி, பெற்றோலைப் புகைக்குழாய்க்குள் வேண்டுமென்றே எரிப்பதால் வருவது; புதிதாகப் பணம் கொடுத்து வாங்கிய கொன்வேட்டருக்குள் யார் தீ வைப்பார்கள்?

கடைசி அளவு 207. அதே மேடை, அதே கார், 171இலிருந்து. எண்ணைவிட எனக்குப் பிடித்தது, பூஸ்ற் வரும் நேரம்: முன்பு 3,400 சுற்றில் விழித்த கார் இப்போது மூவாயிரத்துக்கு முன்னரே விழிக்கிறது. சந்தியில் இடப்பக்கம் திரும்பக் காத்திருந்து, இடைவெளி கிடைத்ததும் மிதிக்கும்போது, முன்பிருந்த அந்த ஒரு மூச்சுத் தாமதம் இல்லை. இந்த மொடலின் ஐந்து வேகக் கியர்பெட்டி பலமில்லாததென்று பெயர் வாங்கியது என்பதால், அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பளபளக்கும் சைலன்சரைக் கழற்றிவிட்டேன். மணிக்கு 110 கிலோமீற்றரில், சரியாக நீண்ட பயணம் போகும் வேகத்தில், அது காருக்குள் ‘ம்ம்ம்’ என்று மண்டையைத் துளைக்கும் ஓர் ஒற்றைச் சுருதியை எழுப்பிக்கொண்டிருந்தது. மொன்றியல் போய் வந்த ஒரு கோடையில் பின்னிருக்கையில் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்தார். கம்பனியின் பழைய சைலன்சரை மறுபடி பூட்டி மேடையில் ஏற்றிப் பார்த்தேன்: 201. ஆறு குதிரை போயிற்று, பஞ்சும் போயிற்று.

கழற்றியதை விற்க விளம்பரம் போட்டேன். மிஸிசாகாவிலிருந்து ஓர் இளைஞர் இதே மொடல் காரில் வந்தார். எவ்வளவு குதிரை கூடும் என்று கேட்டார். டைனோத் தாள்களை எடுத்து வந்து, 168இலிருந்து 171 என்று காட்டி, டவுன்பைப்புக்குப் பணத்தைச் சேர்த்து வையும் என்று சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். பிறகு என் கையிலிருந்த தொலைபேசியைச் சுட்டி, இதன் சத்தம் பதிவு செய்தது ஏதாவது இருக்கிறதா என்றார். போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறையும் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, விலை பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்து, அதைப் பின்னிருக்கையில் சாய்த்து வைத்துக்கொண்டு போனார்.